எங்கள் வீட்டுக்குப் பின்னால் கட்டக்கூடாத நிலம்

நாங்கள் வீடு வாங்கிய அன்று விற்பனைக்காரர் எங்களை முதலில் சமையலறைக்கோ கூடத்துக்கோ அழைத்துப் போகவில்லை. நேராகப் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு கம்பிவேலியைக் காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் காடு. வேலியில் ஒரு பச்சைப் பலகை. பாதுகாக்கப்பட்ட பகுதி, நுழையாதே, வெட்டாதே, கட்டாதே என்று மலாயில் எழுதியிருந்தது.

"அண்ணே, இதுக்குப் பின்னால ஒருத்தன் கோழிக்கூண்டுகூட வைக்க முடியாது. அரசாங்கமே எழுதி வெச்சிருக்கு," என்றார்.

அந்தப் பலகை தெரிகிற வரிசை வீடுகளுக்கு விலை கொஞ்சம் கூடுதல். நாங்கள் மறுபேச்சில்லாமல் கொடுத்தோம். அந்த வீடே அதே காட்டில் ஒரு பகுதியை வெட்டி எழுப்பியதுதான் என்பது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். ஆனால் வீடு வாங்குகிற நாளில் அதையெல்லாம் யாரும் பேசுவதில்லை. பால் காய்ச்சினோம், சாமி படம் மாட்டினோம், பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இனி ஆயுசுக்கும் இந்தக் காற்று நமக்குத்தான் என்று உட்கார்ந்திருந்தோம்.

நான் வேலை செய்வது விமான நிலையத்தில், சரக்குப் பிரிவில். என் வேலையில் பயணிகளைப் பார்க்க முடியாது. பெட்டிகளைத்தான் பார்க்கலாம். வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் பொட்டலமாகக் கட்டி வாங்கிய தே தாரிக் டீ ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன். என் அப்பா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தின் ஒரு பக்கம்தான் பின்னாளில் ஓடுபாதைக்குப் போனது. அதில் எனக்குப் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை. அவர் கொசுக்கடியில் வாளி தூக்கிய இடத்தில் நான் ஏர்கோன் அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன். அப்பாவே அதைக் கடைசிவரை கோயில், கல்யாணம், கருமாதி என்று எல்லா இடத்திலும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் மனைவி தெப்ராவ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள். பிளாஸ்டிக் பாகங்களை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். நாள் முழுக்க 'ரிஜெக்ட்' என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். அந்தப் பழக்கம் வேலை முடிந்ததும் தொழிற்சாலையிலேயே நின்றுவிடும் என்று கல்யாணத்தின்போது நினைத்தேன்.

விமான நிலையத்தை விரிவாக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று எங்களுக்கு அலுவலகத்தில் பிரியாணியும் விமானம்போல் செய்த கேக்கும் கொடுத்தார்கள். ஓடுபாதை நீளும், பெரிய சரக்கு விமானங்கள் வரும், ஓவர்டைம் கூடும். எல்லோரும் கைதட்டினோம். நான் கேக்கின் ஒரு இறக்கையைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி பாதி சாப்பிட்டுவிட்டுக் கேட்டாள்.

"பெரிய பிளேன் எல்லாம் எந்தப் பக்கமா வந்து இறங்கும்?"

"நம்ம பக்கமாதான்."

"நம்ம பக்கம்னா?"

நான் விரலால் கூரையைக் காட்டினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மீதிக் கேக்கை நான்தான் சாப்பிட்டேன்.

சத்தம் கூடத்தான் செய்தது. ஆனாலும் காடு அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டது. விமானம் தாழ வரும்போது முதலில் மரங்களில் ஒரு இரைச்சல் எழும், பிறகுதான் எங்கள் ஜன்னல் அதிரும். தொலைக்காட்சியில் நாடகம் ஓடும்போது வசனத்தை நிறுத்தி வைத்துவிட்டு, விமானம் போனதும் மறுபடி ஓட விடுவோம். இப்படியே ஒத்துப்போயிருப்போம். ஒரு நாள் அவள் துணி காயப்போடப் பின்பக்கம் போனபோது வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் முக்காலி வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். வேலியில் ஆள் நுழைகிற அளவுக்குக் கம்பியை வெட்டியிருந்தார்கள். சிவப்புச் சாயம் பூசிய முளைகள் காட்டுக்குள் வரிசையாகப் போயின. பச்சைப் பலகையைக் கழற்றி மரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

என்ன நடக்கிறது என்று இவள் கேட்டதற்கு அளந்துகொண்டிருந்த மலாய்க்காரர் ரொம்பப் பணிவாக, "காக், சாயா உக்கோர் சாஜா," என்றார். அக்கா, நான் அளக்க மட்டும்தான் வந்தேன்.

பிறகு எனக்குத் தெரிந்தது, இந்த விஷயத்தில் யாரைக் கேட்டாலும் பதில் அதுதான் என்று. ஒருவர் அளக்க மட்டும், ஒருவர் படம் வரைய மட்டும், ஒருவர் முத்திரை குத்த மட்டும். காட்டை எடுக்கிறவர் என்று தனியாக ஒருவரை நாங்கள் கடைசிவரை பார்க்கவே இல்லை.

விசாரித்ததில், நிலத்தின் வகையை மாற்றப் போவதாகவும், அங்கே ஒரு பெரிய வீடமைப்புத் திட்டம் வரப்போவதாகவும் தெரிந்தது. விமான நிலையம் வளர்வதால் வேலைக்கு ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்தால் வீடு வேண்டும், வீட்டுக்கு நிலம் வேண்டும். ஆட்சேபம் இருப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று நகராண்மைக் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அந்த அறிவிப்பை டிங்கிக் கொசு ஒழிப்புச் சுவரொட்டி ஒன்று பாதி மறைத்துக்கொண்டிருந்தது. மனைவி அதை விலக்கிப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து சொன்னாள்:

"இது ரிஜெக்ட்."

பக்கத்து வீட்டு அங்கிள்தான் முதலில் சேர்ந்தார். சீனர். தங்காக்கில் வெகுகாலம் துணிக்கடை வைத்திருந்துவிட்டு, ஓய்வுக்காலத்துக்கு அமைதி வேண்டும் என்று விமானப் பாதைக்குக் கீழே வந்து வீடு வாங்கியவர். தமிழ் நன்றாகப் பேசுவார். சேலை விற்பதற்காகக் கற்ற தமிழ் என்பதால், எதைப் பேசினாலும் பேரம் பேசுவதுபோலவே இருக்கும்.

"தங்கச்சி, நீ எதிர்த்துக் கேளு. ஆனா மொத்தமும் வேணும்னு கேளு. மொத்தம் கேட்டாதான் பாதியாவது குடுப்பான்," என்று என் மனைவிக்கு முதல் பாடம் சொன்னார்.

"எனக்குப் பாதி வேணாம் அங்கிள். மொத்தமும்தான் வேணும்."

"அதான் லா. அப்படியே சொல்லு. மூஞ்சிய மாத்தாதே."

பேட்மிண்டன் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். பின் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். முன் வரிசைக்காரர்கள் பலர் வரவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து ஏற்கனவே காடு தெரியாது. எதற்காக எதிர்க்கிறோம் என்று எழுத உட்கார்ந்தபோது முதலில் சொன்ன காரணம் சத்தம். அடுத்தது வீட்டு விலை இறங்கிவிடும். மூன்றாவது சாலை நெரிசல். கடைசியில் யாரோ, "மரம், மிருகம் எல்லாமும் போடுங்க, கேட்க நல்லாருக்கும்," என்றார். என் மனைவி அதையும் எழுதிக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்துக்குத் திட்டத்தின் பக்கமிருந்து ஒரு அதிகாரி வந்தார். தமிழ் இளைஞர். எங்கள் வரிசையில் தமிழர்கள் அதிகம் என்று யாரோ பார்த்து அவரை அனுப்பியிருக்க வேண்டும். அருமையாகப் பேசினார். எல்லோரையும் அக்கா, அண்ணே, ஆண்ட்டி என்று உறவு வைத்துக் கூப்பிட்டார். திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார்.

"அக்கா, உங்க கவலை சத்தம்தானே? பாருங்க. இங்க நாலு வரிசை வீடு வந்துடுச்சுன்னா, அந்தச் சுவரெல்லாம் உங்களுக்கு மறைப்பு மாதிரி. மரத்தைவிட சிமெண்டு நல்லா தடுக்கும்."

"அப்ப அந்த வீட்டுல இருக்கிறவங்களுக்கு?" என்றாள் மனைவி.

"அவங்களுக்குப் பின்னால அடுத்த கட்டம் வரும்க்கா."

கொட்டகையில் சிலர் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நானேகூட ஒரு நிமிடம் அந்தச் சுவர்களுக்குப் பின்னால் நிம்மதியாக நாடகம் பார்ப்பதாக நினைத்துப் பார்த்தேன்.

அன்று எடுத்த ஒரு வீடியோ எல்லோர் கைபேசிக்கும் போனது. அதில் என் மனைவி பதாகைக்கு முன்னால் நின்று, விமான நிலையம் வளரட்டும், ஆனால் எங்கள் காட்டைத் தின்று வளர வேண்டாம் என்று பேசுகிறாள். மறுநாள் காலை என் மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மலாய்க்காரர், எதிலும் சட்டம் பார்க்கிறவர். நான் என்ன சொல்வது என்று மோட்டார் சைக்கிளிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கதவைச் சாத்தினார்.

"அந்த வீடியோவில் இருப்பது உன் மனைவியா?"

"ஆமாம் சார்."

"நன்றாகப் பேசுகிறார்." சிறிது நேரம் பேனாவை உருட்டினார். "நானும் அதே தாமான்தான், அதே குடியிருப்பு, உனக்குத் தெரியுமா? முன் வரிசை. அந்த ஆட்சேப மனுவில் பெயர் வெளியே தெரியாமல் கையெழுத்துப் போட வழி இருக்கிறதா?"

இல்லை என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, விசாரணை நாளன்று எனக்கு லீவு வேண்டுமானால் தருவதாகச் சொன்னார்.

விசாரணைக்குச் சில வாரங்களுக்கு முன்பு, இரவெல்லாம் மழை கொட்டித் தீர்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி குப்பை போடப் பின்சந்துக்குப் போனவள் என்னைக் கூப்பிட்டாள். அவள் அப்படிக் குரல் தாழ்த்திக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சந்துக்கும் வேலிக்கும் நடுவே ஒரு பெரிய சிமெண்டுக் கால்வாய் உண்டு. அதற்குள் ஒரு மிருகம் நின்றுகொண்டிருந்தது. முன்பாதி கறுப்பு, பின்பாதி வெள்ளை, நீண்டு தொங்குகிற மூக்கு. கன்றுக்குட்டியைவிடப் பெரியது. மலாயில் தெனுக் என்பார்கள். பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், நேரில் அதுதான் முதல் தடவை. அளந்தவர்கள் வெட்டிவிட்ட வேலி ஓட்டை வழியாக வந்து விழுந்திருக்கிறது. காட்டின் மறுகோடியில் மண் பரிசோதனைக்கென்று ஏற்கனவே இயந்திரம் இறக்கிப் பாதை போட்டிருந்தார்கள்; அதில் மிரண்டு இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும். ஏறி வெளியே வர முயன்று வழுக்கி வழுக்கி அதன் முழங்கால் தோலெல்லாம் உரிந்திருந்தது.

அங்கிள் பனியனோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஐயோ பாவம். யாரு இதுக்கு வெள்ளைத் துணி போத்தி விட்டது?" என்றார். பிறகு உள்ளே போய்த் தன் வீட்டுப் பெரிய குடையைக் கொண்டுவந்து மனைவி கையில் கொடுத்தார்.

வனவிலங்கு இலாகாவுக்குச் சொன்னோம், வருகிறோம் என்றார்கள். வெயில் ஏறியது. தாமான் முழுக்கச் செய்தி பரவி, கூட்டங்களுக்கு வராத முன் வரிசைக்காரர்கள்கூடக் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். சத்தம் கேட்கக் கேட்க அது கால்வாய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. மனைவி எழுந்து நின்று, "எல்லாரும் உள்ள போங்க! போயிருங்க!" என்று போட்ட சத்தத்தில் சந்து காலியானது. அவள் கால்வாய் விளிம்பிலேயே குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தோட்டக் குழாயை இழுத்து வந்து மெல்லத் தண்ணீர் விட்டேன். தலைக்கு மேல் விமானம் வந்தபோதெல்லாம் அது காதுகளை மடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. இரைச்சல் ஓய்ந்ததும் மூக்கைத் தூக்கிக் காற்றை மோந்து பார்த்தது.

இலாகா ஆட்கள் லாரியோடு வந்தார்கள். கெட்டிக்காரர்கள், பொறுமையானவர்கள். மயக்க ஊசி போட்டு, கித்தானில் சுற்றி, கூண்டில் ஏற்றினார்கள். மனைவி அவர்களில் பெரியவரிடம் கேட்டாள்.

"எங்க கொண்டு போறீங்க?"

"காட்டுக்கு."

"இதுவும் காடுதானே?"

அவர் வேலியைப் பார்த்தார், சிவப்பு முளைகளைப் பார்த்தார், மரத்தில் சாய்ந்திருந்த பலகையையும் பார்த்தார். மெர்சிங் பக்கம் தூரத்தில் நல்ல காடு இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அன்று மனைவி சமைக்கவில்லை. வெளியே வாங்கி வந்த சோற்றையும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஆறுதலாக, பாவம், வழி தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டது என்றேன்.

"வழி தெரியாம எங்கயும் போகலங்க," என்றாள். "அது வீட்லதான் இருந்துச்சு. நாமதான் கதவைத் திறந்துட்டோம்."

பிறகு அவள் ஆட்சேபக் கடிதத்தைத் திரும்ப எழுதினாள். வீட்டு விலை பற்றிய பகுதியை எடுத்துவிட்டாள். அதில் பின் வரிசைக்காரர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

விசாரணை நகராண்மைக் கழக மண்டபத்தில் நடந்தது. வாசலிலேயே கறிபாப் பலகாரமும் கோப்பியும் வைத்திருந்தார்கள். ஆட்சேபம் சொல்ல வந்தவர்களை இவ்வளவு நன்றாகக் கவனிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேசைக்குப் பின்னால் குழு உட்கார்ந்திருந்தது. தலைவர் கனிவான மனிதர். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் நன்றி சொல்லி ஏதோ குறித்துக்கொண்டார். அங்கிள் போய் நின்று, மொத்தத் திட்டத்தையும் ரத்து செய்ய வேண்டும் என்று மலாயில் கணீரென்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல், அது முடியாவிட்டால் பாதியாவது குறைக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார். மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். கடைசி நேரத்தில் அவருக்குத் துணிக்கடை ஞாபகம் வந்துவிட்டது.

பிறகு இவள் முறை. மலாயில்தான் பேசினாள். தொழிற்சாலையில் ஒரு பெட்டியின் மேல் ஒரு வாக்குறுதியை ஒட்டி அனுப்பினால், உள்ளே இருக்கிற பொருள் அதற்கு மாறாக இருந்தால், அந்தத் தொகுதி முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்றாள். வாங்கினவரிடம் போய், இப்போது எங்கள் தேவை மாறிவிட்டது, அதனால் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டோம். நீங்கள் பலகையில் கட்டாதே என்று எழுதினீர்கள். அது எங்களுக்காக மட்டும் எழுதியதா, உங்களுக்கும் சேர்த்தா?

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு கேள்வி. நீங்கள் இப்போது இருக்கும் வீடு கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது?"

நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் இங்கே முடிந்தது என்று நினைத்தேன்.

"காடு," என்றாள் அவள்.

"அப்படியென்றால்..."

"அதனால்தான் வந்திருக்கிறேன். அடுத்து என்னவெல்லாம் நடக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும். நாங்கள் அதைச் செய்து முடித்தவர்கள்."

தலைவர் நீண்ட நேரம் குறித்துக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியாது. வெளியே வந்ததும் அவள் நேராகப் போய்ப் படியில் உட்கார்ந்தாள். நான் ஒரு கறிபாப் எடுத்துக் கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு, உருளைக்கிழங்கு வேகவில்லை என்றாள். அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

மாதங்கள் போயின. ஒரு நாள் மாலை அந்த அதிகாரித் தம்பியே போன் பண்ணினார். அவர் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

"அக்கா, நீங்க ஜெயிச்சிட்டீங்க. உங்க வரிசைக்குப் பின்னால இருக்கிற துண்டு முழுசா திட்டத்துலேர்ந்து எடுத்தாச்சு. காட்டு நடுவுல ஒரு மேடு இருக்குல்ல, அதுக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் கட்டுறோம்."

மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டாள். "நாங்க சொன்னதை ஏத்துக்கிட்டாங்களா?"

கொஞ்சம் தயங்கினார். "அப்படியும் சொல்லலாம்க்கா. ஓடுபாதை நீளுதில்ல, அந்தத் துண்டு இப்ப பிளேன் இறங்குற பாதைக்கு நேர் கீழ வருது. அங்க புது வீடு கட்டக் கூடாதாம். சத்தம் மனுஷன் குடியிருக்கிற அளவுக்கு மேலயாம்."

"தம்பி, அதுக்கு இந்தப் பக்கம் நாங்க குடியிருக்கோம்."

"நீங்க பழைய வீடுக்கா. ஏற்கனவே இருக்கிறதுக்கு அந்தச் சட்டம் கிடையாது."

ஆக எந்த விமான நிலையத்தை எதிர்த்து அவள் பதாகை பிடித்தாளோ அதுவே காட்டைக் காப்பாற்றிக் கொடுத்தது. அதற்காகச் சந்தோஷப்படாமல் இருக்க முடியுமா? பின் வரிசைக்காரர்கள் சேர்ந்து பின்சந்தில் மேசை போட்டு விருந்து வைத்தோம். அங்கிள் மீஹூன் சேமியா பொரித்துக் கொண்டுவந்தார். "பார்த்தியா, பாதி குடுத்தான்," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். என் மேலாளர்கூட வந்து ஓரமாக நின்று சாப்பிட்டார். பச்சைப் பலகையைத் திரும்ப வேலியில் மாட்டினார்கள். மனைவி அதை ஈரத் துணியால் துடைத்தாள்.

பிறகு ஒரு வேலை நாளில் ரம்பச் சத்தம் கேட்டது. எனக்கு அன்று மதிய ஷிப்ட், மனைவிக்கு லீவு. இருவரும் ஓடினோம். மஞ்சள் சட்டை போட்ட ஆட்கள் வேலிக்கு உள்ளே நின்று பெரிய மரங்களின் தலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பலகை மாட்டிய இடத்திலேயே இருந்தது.

"யார் நீங்க? இது பாதுகாக்கப்பட்ட காடு!" என்று அவள் கத்தினாள்.

அவர்களின் மேஸ்திரி ரம்பத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அருகே வந்தார். தமிழர்தான். "காட்டை எடுக்கலம்மா. கட்டடமும் கட்டல. உசரத்தை மட்டும்தான் குறைக்கிறோம். பிளேன் தாழ வருதுல்ல, மரம் குறுக்க நிக்கக்கூடாது. ஒரு அளவு குடுத்திருக்காங்க, அதுக்கு மேல இருக்கிறது மட்டும் போகும்."

"பாதுகாக்கப்பட்டதுன்னு போட்டுருக்கே?"

"அது கட்டறவங்களுக்கும்மா. எங்களுக்கு வேற பர்மிட்."

மனைவி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அலுவலகச் சட்டை போட்டிருந்தேன். நெஞ்சில் சின்னதாக ஒரு விமானம் தைத்திருக்கும்.

"நான் சரக்கு மட்டும்தான்," என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எனக்கே கேட்டது. அவள் திரும்பிக்கொண்டாள். வேலியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மரமாகத் தலை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வேலைக்குப் போக நேரமாகிவிட்டது. நான் போன பிறகும் அவள் அங்கேயே நின்றதாக அங்கிள் சொன்னார். அவர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறார். உட்காரவில்லையாம்.

சாகவில்லை அந்த மரங்கள். தலை போனவை பக்கவாட்டில் தழைத்தன. இப்போது எங்கள் பின்கதவைத் திறந்தால் தெரிவது ஒரே உயரத்துக்குச் சீவிவிட்ட ஒரு காடு. பெரிய பறவைகள் வருவதில்லை. அதுவும் விமானங்களுக்கு நல்லது என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் வீடுகள் எழுந்தன. திட்டத்துக்குக் காட்டின் பெயரையே வைத்தார்கள். வெட்டிய மரங்களின் பெயர்களைத் தெருக்களுக்கு வைத்தார்கள். நுழைவாயிலில் கறுப்பு வெள்ளையாகச் சிமெண்டில் ஒரு தெனுக், அதன் பக்கத்தில் குட்டி ஒன்று, இரண்டும் சிரித்துக்கொண்டிருந்தன. மாதிரி வீட்டுத் திறப்புவிழாவுக்கு அதிகாரித் தம்பி என் மனைவிக்கு அழைப்பு அனுப்பினார். சுற்றுச்சூழல் ஆர்வலர் என்று பெயருக்குக் கீழே போட்டிருந்தது. போக மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"போறேன்," என்றாள். "மரம் நடுவோம்னு எழுதிக் குடுத்துருக்காங்க. நட்டாங்களான்னு பாக்கணும்."

நட்டிருந்தார்கள். கம்பு கட்டிய சின்னச் செடிகள். அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மாதிரி வீட்டுக்குள் போனாள். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. பழக்க தோஷத்தில் விரல் மடக்கித் தரை ஓடுகளைத் தட்டினாள்.

"தம்பி, இது உள்ள வெறுமையா இருக்கு. இங்கயும். இந்த மூலை முழுக்க."

அதிகாரி குனிந்து தட்டிப் பார்த்தார்.

"குளியலறையில தண்ணி ஓடாது. சரிவு தப்பு. ஜன்னல் ரப்பர் மலிவு. பிளேன் சத்தத்துக்கு இது தாங்குமா? கண்ணாடி இரட்டைக் கண்ணாடியா போடணும்."

அவர் கைபேசியை எடுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். வீடு பார்க்க வந்திருந்த ஜோடிகள் சிலர் இவளை நிறுவனத்து ஆள் என்று நினைத்துப் பின்னாலேயே வந்தார்கள். ஒவ்வொரு அறையிலும் என்ன கேட்க வேண்டும் என்று அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள். மாடிப்படியில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வீடுகள் வரவே கூடாது என்று இவ்வளவு காலம் போராடியவள், வருகிற வீடு நன்றாக வர வேண்டும் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு உண்மையிலேயே கண்ணாடியை மாற்றினார்கள். விளம்பரத்தில் அதை ஒரு சிறப்பாகப் போட்டு விலையையும் கொஞ்சம் ஏற்றினார்கள்.

காரில் வரும்போது, "வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு," என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "அதுக்காக மோசமான வீட்டுல போய் அவங்க இருக்கணுமா?" என்றாள்.

இப்போது அந்த வீடுகளில் ஆட்கள் வந்துவிட்டார்கள். மேட்டைச் சுற்றி நடைபாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். நல்ல பாதை, ரப்பர் தரை, முழங்காலுக்கு இதம். மனைவி சில மாதங்கள் அதில் கால் வைக்க மாட்டேன் என்று இருந்தாள். பிறகு டாக்டர் நடக்கச் சொன்னதும் வேறு வழியில்லை. அங்கேதான் ஒரு சின்ன வயதுத் தாய் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கண் சிவக்க நடப்பதைப் பார்த்திருக்கிறாள். தமிழ்ப் பெண். புது வீட்டுக்காரி. கணவன் வேலைக்காக விடியுமுன் சிங்கப்பூர் போய் இருட்டியபின் வருகிறவன்.

"அக்கா, நீங்க இங்க ரொம்ப நாளா இருக்கீங்களா? இந்த பிளேன் சத்தம் பழகிடுமா? பாப்பா தூங்கவே மாட்டேங்குது."

"பழகாது," என்றாள் என் மனைவி. "ஆனா ஒரு வழி இருக்கு. எங்க வீட்டுக்காரரு அங்கதான் வேலை செய்றாரு."

அன்றிலிருந்து, இடைப்பட்ட நேரத்தில் குழந்தையைத் தூங்க வைக்கட்டும் என்று, சரக்கு விமானங்கள் வருகிற நேரத்தை வாராவாரம் என்னிடம் கேட்டு அந்தப் பெண்ணுக்கு அனுப்புகிறாள். அவள் அடுத்த வீட்டுக்கு, அடுத்த வீடு அடுத்த தெருவுக்கு. எங்கள் எதிர்ப்புக் குழுவின் வாட்ஸாப்பில் இப்போது புது வீட்டுக்காரர்கள்தான் அதிகம். குழுவின் பெயரை மாற்றலாமா என்று யாரோ கேட்டார்கள். அங்கிள் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்ணின் கணவன் போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பை ஆரஞ்சு. சிங்கப்பூருக்கு அலைந்து முடியவில்லை, குழந்தை முகத்தைப் பார்க்க முடியவில்லை, சரக்குப் பிரிவில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன், ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்றான். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஆரஞ்சுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க," என்றாள். "வீட்டுக்குப் பக்கத்துல வேலைன்னா நல்லதுதானே."

சொன்னேன். அவனை எடுத்துக்கொண்டார்கள். இப்போது அவன் சட்டை நெஞ்சிலும் சின்னதாக ஒரு விமானம்.